பழைய வருடத்து ஃபைல்கள்

ஆயுத பூஜை என்றால் ஜோதிலட்சுமி எதையும் அரைகுறையாகத் துடைக்கிறவள் அல்ல. சிங்கப்பெருமாள் கோயிலில் அவள் வேலை பார்க்கும் சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில், மைக்ராஸ்கோப்பிலிருந்து குப்பைக்கூடை வரை அவள் கை படாத பொருள் கிடையாது. இந்த வருடம் கம்ப்யூட்டரின் உள்ளேயும் சுத்தம் செய்துவிடலாம் என்று தோன்றியது. தோன்றியதுதான் வினை.

புரோகிராம்களின் வரிசையைத் திறந்தால், யாரும் கேட்டு வாங்காத பெயர்கள். அதிலும் ஒரே பெயர் ஏழெட்டு முறை. வருடம் மட்டும் வேறு வேறு. யார் போட்டார்கள் இதையெல்லாம்? வைரஸாக இருக்குமோ? புதிய வருடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பழையதை எல்லாம் ஒவ்வொன்றாக நீக்கினாள். கம்ப்யூட்டரை அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்த பிறகுதான் உறைத்தது: ரத்த அணுக்களை எண்ணும் மெஷின் ஓடுவதே இந்தக் கம்ப்யூட்டரில். ஐயோ, அதை ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கலாமே!

இனி முடியாது. பூஜை போட்ட சாமானை விஜயதசமி காலை வரை தொடக்கூடாது என்பதில் முதலாளி ராமானுஜம் கறார். போன வருடம் மெஷினைக் கெடுத்த ஆளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவரும் அவர்தான். புருஷன் போன பிறகு ஜோதியின் வீடு ஓடுவதே இந்தச் சம்பளத்தில். சூடம் காட்டும்போது எல்லோரும் என்ன வேண்டினார்களோ, அவள் வேண்டியது ஒன்றுதான்: நாளைக்கு அது ஓடணும் தாயே.

நாளை வரை யார் விட்டார்கள்? சாயங்காலமே வேண்டா என்று பெயர் கொண்ட ஒரு பெண், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

"எல்லா லேபும் மூடிகினு கீதும்மா. டாக்டரு பிளேட்லெட் பாத்துகினு வரச் சொன்னாரு. நாலு நாளா ஜொரம். பாப்பா கண்ணே தொறக்க மாட்டேங்குது."

ராமானுஜம் சரஸ்வதி படத்தை ஒரு தடவை பார்த்தார். "கொழந்தை விஷயம். அம்பாள் கோச்சுக்க மாட்டா. ஆன் பண்ணு, ஜோதி."

ஜோதி குழந்தையின் ரத்தத்தை எடுத்தாள். கம்ப்யூட்டரை முடுக்கினாள். மெஷினின் புரோகிராமை அழுத்தினாள். ஏதோ ஒரு ஃபைல் இல்லை என்று கட்டம் வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே கட்டம்.

"இன்னாம்மா ஆச்சு?" என்றாள் வேண்டா.

ராமானுஜம் சர்வீஸ் இன்ஜினியர் பரணிதரனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"யாராவது எதையாவது டெலீட் பண்ணாங்களா சார்?"

"யாரும் ஒண்ணும் தொடலைப்பா."

"அப்போ மெஷின்லதான் ஃபால்ட்டு. நாளைக்கு வந்து பாக்குறேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஜோதி தப்பித்துவிடுவாள். பழி மெஷின் மேல் போய்விடும். குழந்தையின் கை அம்மாவின் முதுகில் துவண்டு தொங்கியது.

"நான்தான் சார் எடுத்தேன்," என்றாள். "ஒரே பேர்ல நெறைய இருந்துது. புதுசு இருக்கசொல்ல பழசு இன்னாத்துக்குன்னு எடுத்துட்டேன்."

ராமானுஜம் அவளைத் திரும்பிப் பார்த்தார். போனில் பரணிதரன்தான் பேசினான்.

"அக்கா, அது குப்பை இல்ல. சாஃப்ட்வேரைப் போடுறப்போ, அது ஓடுறதுக்குன்னு கூடவே வந்து உக்கார்ற ஃபைலுங்க. எந்த வருஷத்து ஃபைலை நம்பிக் கட்டினாங்களோ, அதத்தான் தேடும். புதுச வச்சு ஒப்பேத்த முடியாது. மெஷினோட வந்த சிடியிலயே அது இருக்கும், போடுங்க."

பழைய குக்கரின் கேஸ்கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதுக் குக்கரின் கேஸ்கட்டை மாட்டினால் பழையது மூடுமா? இது தெரியாமல் போயிற்றே என்று தன்னையே திட்டிக்கொண்டு சிடியைப் போட்டாள். பச்சைக் கோடு நகர்ந்தது, நகர்ந்துகொண்டே இருந்தது.

புரோகிராம் திறந்தது. மெஷின் ரத்தத்தை உறிஞ்சி, கொஞ்ச நேரத்தில் கணக்கைக் காட்டியது. பிளேட்லெட் இருபத்திரண்டாயிரம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது.

"சார், செங்கல்பட்டு ஜி.எச்.சுக்கு இப்பவே போவணும்!"

ராமானுஜம் அதற்குள் கார் சாவியை எடுத்திருந்தார். "நீயும் ஏறு," என்றார்.

தன் வேலை இனி இருக்கிறதா, போய்விட்டதா என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பின்சீட்டில் குழந்தையின் கால்களை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று மட்டும் பார்த்தபடியே போனாள்.