எங்கள் வீட்டுச் சைவப் பூனை

எங்கள் பூனை சைவம் என்று நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார் என் வீட்டுக்காரர். அவருக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. எங்களுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸில் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்பக்கம் சாக்கடைத் தண்ணீர் ஓடும் லோங்காங். அதன் வழியாக வரும் எலிகளுக்காகத்தான் பூனையைக் கொண்டுவந்தோம். வெறும் பூனையாக இருப்பது அவருக்குப் போதவில்லை. அதன் சாம்பல் நிற நெற்றியில் மூன்று வெள்ளைக் கோடுகள் இருந்தன. "பொறக்கும்போதே திருநீறு பூசிக்கிட்டு வந்திருக்கு" என்பார். பால் சோறு தவிர எதையும் தொடாதாம். எலியைக்கூடக் கடமைக்காகக் கொல்லுமாம், வாயில் வைக்காதாம். வாயில் வைக்காமல் எப்படிக் கொல்லும் என்று அவருடைய நண்பர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. அத்தனை பேரும் படித்தவர்கள்.

பூனை எங்கே சாப்பிட்டது என்பது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்கர், மீன் இல்லாமல் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. அவர் மீன் கழுவ உட்கார்ந்தால் எங்கள் பூனை வேலியைத் தாண்டிப் போய் எதிரே உட்கார்ந்துகொள்ளும். தலை, வால், குடல் எல்லாம் அதற்குத்தான். பிறகு மீசையை நக்கித் துடைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் ஆபீஸ் விட்டு வரும் நேரத்துக்கு வாசலில் வந்து பக்திமான் மாதிரி நிற்கும்.

"ஒன் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா நம்ம பேச்சே நின்னு போயிரும், சொல்லிராதே லா" என்று அக்கா சிரிப்பார். நான் சொல்லவில்லை. அந்த ஊரில் எனக்குப் பேச்சுத்துணை அவர் ஒருவர்தான்.

ஒரு வருடம் எலித்தொல்லை எல்லை மீறிப் போய், குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்க எலி மருந்து வைக்க ஆள் அனுப்பினார்கள். மருந்துக்காரர் தகர டப்பாவும் கையுமாகக் காலையிலேயே எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"கருவாட்டுல மருந்து தடவி லோங்காங் ஓரமா வைக்கிறோங்க ஐயா. மூணு நாளைக்குப் பூனையைக் கட்டிப் போடுங்க. செத்த எலியைத் தின்னாலும் ஆபத்துதான்."

"எங்க பூனை கருவாட்டு வாசனை பட்டாலே ஓடிப் போயிரும். நீ மத்த வீட்டுல போய்ச் சொல்லு."

மருந்துக்காரர் பூனையைப் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "எதுக்கும் கட்டிருங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டேன்.

அவர் ஆபீஸுக்குப் போனதும் பழைய சேலையைக் கிழித்துப் பூனையைச் சமையல்கட்டு ஜன்னல் கம்பியில் கட்டினேன். அவர் வருவதற்குள் அவிழ்த்து உள் அறையில் விட்டுக் கதவைச் சாத்துவேன். இரண்டு நாள் இப்படி ஓடியது. பால் சோற்றை மோந்து பார்த்துவிட்டு அது நாள் முழுக்கக் கத்தியது. மூன்றாம் நாள் அவர் மதியமே வந்துவிட்டார்.

"கட்டி வச்சா என்ன அர்த்தம்? இதுவும் கண்டதைத் தின்னும்னு நாமளே ஊருக்குச் சொல்றதா?"

"இன்னிக்கு ஒரு நாள்தாங்க, இருக்கட்டுங்க" என்றேன். அவர் முடிச்சை அவிழ்த்துவிட்டார். இரண்டு நாள் மீன் காணாத பூனை நேரே பின்வாசல் வழியாக ஓடியது. நான் பின்னாலேயே ஓடிப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை.

மறுநாள் காலையில் பின்வாசலில் விழுந்து கிடந்தது. உடம்பெல்லாம் உதறியது. வாந்தியில் கருவாட்டுத் தோல் ஒரு துண்டு இருந்தது. அவரும் அதைப் பார்த்தார், அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். மனிதர் பூனையைத் தூக்கவில்லை. ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து அந்த இடத்தை நன்றாகக் கழுவிவிட்டார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். முட்டை வெள்ளைக்கருவை அடித்துப் புகட்டினால் பிழைக்கலாம் என்று கையில் கிண்ணத்தோடு வந்திருந்தார்.

"முட்டை இந்த வாசப்படியைத் தாண்டக் கூடாது" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் பூனையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். புகட்டியதில் பாதி வெளியே வழிந்தது. மதியத்துக்குள் என் மடியிலேயே செத்துப் போனது. அக்கா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, அப்படி ஒரு ஆத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படித்த நண்பர்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். சாவுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமே. மீன் என்று சொல்ல முடியாது. செத்த எலி என்றும் சொல்ல முடியாது, அதுவும் அசைவம்தான். "பால் கெட்டுப் போயிருந்திருக்கு. இவ கவனிக்காம ஊத்திட்டா" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். "பால் கெடலைங்க. அன்னிக்கு நீங்க குடிச்ச காப்பியும் அதே பால்தான். அது மருந்து வச்ச கருவாட்டைத் தின்னு செத்துச்சு. ரெண்டு வருஷமா மீன் தின்னுக்கிட்டுதான் இருந்துச்சு."

நண்பர்கள் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. என் கல்யாண வாழ்க்கையில் அது நல்ல மாதம். எனக்குத் துணிச்சல் அதிகம் என்று அக்கா வெகுநாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். துணிச்சலாவது மண்ணாவது. அதே வார்த்தையை மருந்துக்காரர் வாசலில் நின்றபோது சொல்லியிருந்தால் பூனை உயிரோடு இருந்திருக்கும். அவர் தன் பெருமைக்காக அதை அவிழ்த்துவிட்டார். நான் அந்த மனிதருக்குப் போய்ப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.