கனடாவிலிருந்து வந்த தண்ணீர்

ஒரு கோடைக்காலத்தில் என் வீட்டுக்காரர் ஈரப் புல்லில் வழுக்கி விழுந்தார். நான் அன்றைக்குக் கேம்ப் பஜாருக்குப் போயிருந்தேன். காய்கறி வாங்கி, பழைய ஸ்கூல் டீச்சர் ஒருத்தியிடம் ஊர்வம்பு பேசி முடித்து, ஆட்டோ கிடைக்காமல் அலைந்து வீடு வந்து சேர்ந்தால், மனிதர் புல்தரையில் மல்லாந்து கிடக்கிறார். பக்கத்தில் ஹோஸ் பைப் தன் பாட்டுக்குத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கிறது.

"எவ்வளவு நேரமாக் கிடக்கீங்க?"

"தெரியல. கத்திப் பாத்தேன். பிளேன் போற சத்தத்துல யாருக்குக் கேக்கும்?"

எங்கள் வீடு விமான் நகரைத் தாண்டி, ஏர்போர்ட் பக்கத்தில் இருக்கிறது. தலைக்கு மேலே விமானம் போகும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லோரும் காலையில் ஆபீஸுக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வருகிறவர்கள்.

நல்லவேளையாக எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் அவரைப் பயம் பிடித்துக்கொண்டது. குளிக்கப் போனால் கதவைத் தாழ்போட மாட்டார். நான் கடைக்குக் கிளம்பினால் கேட் வரைக்கும் வந்து, எப்போது வருவாய் என்று கேட்பார். விழுந்து கிடந்தாலும் யாருக்கும் தெரியாது என்கிற நினைப்பு அவரைத் தின்றது. ஆண்பிள்ளைக்கு இவ்வளவு பயமா என்று நான் கேலி செய்வேன். எனக்கும் உள்ளுக்குள் அதே உதறல்தான்.

எங்களுக்கு ஒரே மகன். கனடாவில் வேலை. அப்பா விழுந்தார் என்றதும் லீவு போட்டு வந்தான். பேச்சு குறைவு, அதிலும் தமிழில் பேசுவதென்றால் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடுவான். வந்தவன் உட்கார்ந்து ஆறுதல் சொல்லவில்லை. புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கிற ஸ்மார்ட் ஸ்பிரிங்க்ளர் ஒன்றை வரவழைத்து, தானே மண்ணைத் தோண்டிக் குழாய் பதித்து, புல்தரை ஓரத்தில் ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியில் கறுப்பாக ஒரு சின்னக் குமிழை மாட்டினான். இனிமேல் அப்பா ஹோஸைத் தொடவே வேண்டாம், எல்லாம் போனிலிருந்து நடக்கும் என்றான். "இங்க என்ன நடக்குதுன்னு எனக்கு அங்க தெரியும்பா" என்றும் சொன்னான். அந்த ஒரு வாக்கியத்தை என் வீட்டுக்காரர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

அவர் ஆகுர்டியில் ஆட்டோமொபைல் கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். மெஷின் ஓடுகிறதென்றால் பக்கத்தில் ஓர் ஆபரேட்டர் நிற்கிறான் என்பது அவர் கணக்கு. மகன் கனடாவுக்குத் திரும்பிய பிறகு, விடியற்காலையில் புல்லுக்குள்ளிருந்து தண்ணீர் எழும்பிச் சுற்ற ஆரம்பித்ததும், டீ டம்ளரோடு வராந்தாவில் நின்று சொன்னார்: "பாத்தியா, போட்டுட்டாம்லா. அங்க இப்ப ராத்திரி. சாப்பிட்டுக்கிட்டே நமக்குத் தண்ணி விடுதான்."

மழைக்காலம் வந்தது. மழை பெய்கிற நாளில் தண்ணீர் எழும்பாது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "அம்புட்டுத் தூரத்துல இருந்துக்கிட்டு இங்க மழை பெய்யறதப் பாக்கான் பாரு!"

பிறகு ஒருநாள் பனியன் போட்டுக்கொண்டு வராந்தாவுக்கு வருவதை விட்டார். இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை. கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி நின்றுகொண்டு கம்பத்துக் குமிழைப் பார்ப்பார். நான் நைட்டியோடு கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தால் விரட்டுவார். "போய்ச் சேலையக் கட்டிக்கிட்டு வா. பிள்ளை பாக்கான்."

"ஆமா, உங்க மூஞ்சியப் பாக்கத்தான் அவன் கண்ணு முழிச்சிக் கிடக்கான்" என்பேன். சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சேலை கட்டிக்கொண்டும் வருவேன். அவன் போனில் கூப்பிடுவது குறைந்துகொண்டே வந்தது. வாரத்துக்கு ஒன்றாக இருந்தது, பிறகு பண்டிகைக்குப் பண்டிகை என்றானது. அதனால் என்ன, தினமும்தான் பார்க்கிறானே என்று நாங்கள் தேற்றிக்கொண்டோம். அவர் கதவைத் தாழ்போட்டுக் குளிக்க ஆரம்பித்தார். நான் கேம்ப்புக்குப் போனால் பழையபடி கேட்டுக்கு வருவதில்லை. அந்தத் தைரியத்தை நான் கெடுப்பேனா?

இந்த வருடம் வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் தண்ணீர் நின்றுபோனது. முதல் நாள் அவர் சட்டையும் வாரிய தலையுமாகக் காத்து நின்றுவிட்டு உள்ளே வந்தார். மறுநாளும் வரவில்லை. வெயில் கொளுத்துகிறது, மழைக்கு அறிகுறியே இல்லை. புல் நுனி பழுக்க ஆரம்பித்தது. "அவனுக்கு என்னமோ ஆயிட்டு" என்றார். போன் போட்டோம், எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பினோம், பதில் இல்லை. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்நிய தேசத்தில் தனியாக விழுந்து கிடக்கிறானோ என்று நான் நினைத்ததை வாய்விட்டுச் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு சாயங்காலம் அவனே கூப்பிட்டான். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"எய்யா, நல்லா இருக்கியா? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"நல்லா இருக்கேன்பா. வேலை ஜாஸ்தி, அதான் எடுக்க முடியல. ஏன், என்னாச்சு?"

"நீ தண்ணி விடலயே. அதான் பயந்துட்டோம்."

"தண்ணியா?" அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ஓ, ஸ்பிரிங்க்ளரா! நெட் கனெக்‌ஷன் மாத்தினீங்களா?"

மாற்றியிருந்தோம். பழைய கனெக்‌ஷன் அடிக்கடி போகிறதென்று வேறு கம்பெனியிடம் வாங்கியிருந்தோம், அவன் வீடியோவில் வந்தால் முகம் தெளிவாகத் தெரியட்டும் என்று.

"அதான். அது டிஸ்கனெக்ட் ஆகியிருக்கும். நான் ஒண்ணும் பண்றதில்லப்பா, எல்லாம் ஆட்டோமேட்டிக். வெதர் பாத்து அதுவே போடும், அதுவே நிறுத்தும்."

"அப்ப நீ பாக்கதில்லையா?"

"முதல்ல டெய்லி நோட்டிஃபிகேஷன் வரும். ஆபீஸ்ல தொந்தரவா இருந்துச்சு, மியூட் பண்ணிட்டேன்."

"அந்தக் கம்பத்துல கண்ணு மாதிரி ஒண்ணு இருக்கே?"

அவன் சிரித்தான். கேலி இல்லை, குழந்தை ஏதோ கேட்டதற்குச் சிரிப்பதுபோல. "கண்ணா? அது ரெயின் சென்சார்ப்பா. மழை விழுந்தா அதுக்குத் தெரியும். அவ்வளவுதான்."

"சரிய்யா. உடம்பப் பாத்துக்க" என்று அவர் போனை வைத்தார்.

எனக்கு அவனைத் திட்டித் தீர்க்க வேண்டும்போல் இருந்தது. எதைச் சொல்லித் திட்டுவது? அப்பா மறுபடி விழக்கூடாது என்றுதானே வாங்கி மாட்டினான். மாட்டியதும் சொன்னபடி ஒழுங்காக வேலை செய்தது. நாங்களாக ஒரு கண்ணை வைத்துக்கொண்டோம். யார்மேலும் பழிபோட வழியில்லாத துக்கம் எவ்வளவு கனம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அவர் வராந்தா நாற்காலியில் போய் உட்கார்ந்தார். விளக்குப் போட்டு, காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்தார்.

"அப்ப இத்தனை நாளா நம்மள யாருமே பாக்கல" என்றார்.

"ஏன், நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்?" என்று வழக்கம்போல் வெடுக்கென்று கேட்டேன். "சட்டையும் கிட்டையுமா நீங்க நின்ன நிப்ப நான் பாக்கலையா?"

அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு நீ இருக்க. நாளைக்கு நான் போயிட்டா, நீ இந்தப் புல்லுல விழுந்து கிடந்தா உன்ன யாரு பாப்பா? பிள்ளை பாக்கான்னு நெனச்சுத்தான் நிம்மதியா இருந்தேன்."

கீழே வைத்த காபியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தேன். விழுந்த நாளிலிருந்து மனிதர் தன்னை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தார் என்று நான் நம்பியிருந்தேன்.