நாற்பத்தொரு நாள் எரியாத விளக்கு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனிக்குள் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. கூடவே பஸ்ஸர் சத்தம்.

நேரத்தை எப்படி இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேன்? பழைய நிருபர் புத்தி. எது நடந்தாலும் முதலில் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துவிடும். பிறகுதான் மற்றதெல்லாம்.

நாங்கள் பதினாறு பேர். தலையில் வலைத்தொப்பி, காலில் நீல பிளாஸ்டிக் உறை. நவீன உற்பத்தி முறைகளை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காக மங்கலம், ஊத்துக்குளி, அவிநாசிப் பக்கமிருந்து வந்த சிறு முதலாளிகள். நான் மட்டும் எதற்கும் முதலாளி இல்லை. பேப்பரில் எழுதுகிறவன் என்று அழைத்தார்கள், போனேன்.

கம்பெனி உரிமையாளர் சென்னியப்பன் எங்களைத் தையல் லைனுக்குக் கூட்டிப்போய், சுவரில் மாட்டியிருந்த ஒரு பலகையின் முன்னால் நிறுத்தியிருந்தார். 'லைன் நிற்காத நாட்கள்' என்று எழுதி, கீழே பெரிதாக 41.

"நாப்பத்தொரு நாளா செவப்பு லைட்டே எரியலீங்க," என்றார். குரலில் அப்படியொரு பெருமை. "டூர் போயிட்டு வந்து போட்டதுங்க இது. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பட்டன். என்ன கோளாறுன்னாலும் டெயிலரே அமுக்கலாம். அமுக்கினா லைன் நின்னுக்கும். ஆனா பாருங்க... அமுக்க வேண்டிய அவசியமே வரலீங்க."

அவர் 'வரலீங்க' என்று முடிக்கவும் விளக்கு எரியவும் சரியாக இருந்தது.

இந்த விளக்கின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அது பிறந்த இடத்துக்கும் நான் போயிருந்தேன்.

போன வருடம் இதே கோஷ்டியில் பாதிப் பேரும் இன்னும் பலருமாகச் சேர்ந்து பஸ் பிடித்து, சென்னைக்கு அருகே ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையைப் பார்க்கப் போனோம். உண்மையிலேயே பிரமாதமான இடம். தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் நடந்தால் ஒரு ரோபோ வண்டி மரியாதையாக நின்று வழிவிடுகிறது. ஸ்பேனர் எடுத்தால், எடுத்த இடத்தில் ஸ்பேனரின் உருவம் வரைந்திருக்கிறது. எல்லாரும் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்துத் தள்ளினார்கள்.

அங்கேதான் அந்த விளக்கைப் பார்த்தோம். நாங்கள் இருந்த ஒரு மணி நேரத்தில் நான்கு முறை சிவப்பு எரிந்தது.

சென்னியப்பன் பரிதாபப்பட்டு, சுற்றிக்காட்டிய இன்ஜினியரிடம் கேட்டார்: "ஏனுங்க சார், இன்னைக்கு ஏதாச்சும் பிரச்சினைங்களா? அடிக்கடி எரியுதே?"

"இல்லை சார், தினமும் இப்படித்தான். எரியலைன்னாதான் எங்களுக்குப் பயம். யாரோ எதையோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம்."

இன்னொன்றும் சொன்னார். பட்டனை அமுக்கியதும் சூப்பர்வைசர் ஓடிவர வேண்டும். வந்து அவர் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை 'நன்றி'. அதற்குப் பிறகுதான் 'என்ன ஆச்சு?'

எங்கள் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். "நன்றி சொல்லோணுமாமா? லைன நிறுத்தினதுக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அடுத்த குரல்: "சார், இந்த லைட்டு எங்க கிடைக்குமுங்க?"

கவனித்தீர்களா? லைட் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். அந்த நன்றி எங்கே கிடைக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அரை மணி நேரம் நடந்த விவாதம் என்ன தெரியுமா? அந்தத் தொழிற்சாலை கேன்டீன் சாம்பாரைப் பற்றி. "அத்தன ரோபோ வெச்சிருக்கறவன் ஒரு நல்ல சமையக்காரன வெச்சுக்கக் கூடாதுங்களா?" என்று ஒருவர் சேலம் வரை வருத்தப்பட்டார்.

சரி... வீரபாண்டிக்கு வருகிறேன்.

விளக்கு எரிந்ததும் அந்த லைனில் முப்பது மெஷின்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பனியன் கம்பெனிக்குள் அப்படியொரு அமைதியைக் கேட்பது அபூர்வம். மின்விசிறிச் சத்தம் மட்டும்.

அமுக்கியவர் பேச்சியம்மாள். நாற்பது வயதிருக்கும். சங்கரன்கோவில் பக்கம். கழுத்துப் பட்டி தைக்கும் ஓவர்லாக் மெஷின் அவருடையது. தைத்துக்கொண்டிருந்தது கைக்குழந்தைகளுக்கான உடுப்பு — மேலும் கீழும் ஒன்றாய் இருக்குமே, அது. ஊசி ஒடிந்துவிட்டது. ஊசி ஒடிவது பெரிய விஷயமில்லை, தினம் ஒடியும். ஒடிந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கி, சேர்த்துவைத்துப் பார்த்து முழு ஊசியாகிறதா என்று சரிபார்த்து, ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். அது விதி. ஏற்றுமதி செய்யும் எல்லாக் கம்பெனியிலும் அந்த நோட்டு உண்டு.

பேச்சியம்மாளுக்குக் கிடைத்தது இரண்டு துண்டு. முனையைக் காணோம்.

ஃப்ளோர் மேனேஜர் குமரேசன் ஓடிவந்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். முதல் வார்த்தை என்ன சொல்லப்போகிறார்?

"யாரு அமுக்குனது?"

அதுதான் முதல் வார்த்தை. இரண்டாவது, "ஏனக்கா, விசிட்டர் வந்திருக்கறது தெரியலீங்களா?" சொல்லிக்கொண்டே கையை நீட்டி விளக்கை அணைத்தார். "முனைதான, பேக்கிங்ல மெட்டல் டிடெக்டர் இருக்குதில்ல? அங்க பாத்துக்குவாங்க. மெஷின ஓட்டுங்க."

"பேக்கிங்ல பாப்பாங்கன்னா எனக்கு எதுக்கு தம்பி பட்டன் குடுத்திய?"

குமரேசன் தைத்து முடித்த உடுப்புகளின் கட்டை எடுக்கக் குனிந்தார். அதற்குள் பேச்சியம்மாள் அந்தக் கட்டைத் தூக்கி மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில்தான் எங்கள் கோஷ்டியிலிருந்து ஒருவர் வாயைத் திறந்தார். பாராட்டும் தொனியில். "பரவால்லீங்களே சென்னியப்பா, நாங்க வர்ற நேரம் பாத்து டெமோ காட்டுறீங்களே."

சென்னியப்பன் முகத்தைப் பார்த்தேன். ஒரு நொடி. ஒரே ஒரு நொடிதான் தயங்கினார்.

"ஆமாங்க," என்றார். "டெமோதானுங்க. எப்படி வேலை செய்யுதுன்னு உங்களுக்கு காட்டோணுமில்ல."

கை தட்டினார்கள். இரண்டு பேர் படம் எடுத்தார்கள் — மடியில் துணிக்கட்டோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணையும் சேர்த்து.

"டெமோ இல்ல மொதலாளி," என்றார் பேச்சியம்மாள். குரலை உயர்த்தவில்லை. "நெசமாவே ஒடிஞ்சிட்டு. முனை இதுக்குள்ளதான் எங்கயோ கெடக்கு."

கைதட்டல் தேய்ந்து நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. சென்னியப்பன் லேசாகச் சிரித்து, "வாங்க, டீ ஆறுது" என்று எல்லாரையும் கேன்டீன் பக்கம் திருப்பினார். பதினைந்து ஜோடி நீல உறைகள் சரசரவென்று நகர்ந்தன.

போகிற போக்கில் குமரேசனிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "அந்தம்மாவ மெஷின்ல இருந்து எடுத்துரு. செக்கிங்ல உக்கார வெய்யி."

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். டெயிலரை மெஷினிலிருந்து எடுத்து செக்கிங் மேஜையில் உட்காரவைப்பது என்றால், பிசிறு நூல் வெட்டுவது, கறை பார்ப்பது. பதினெட்டு வருடமாக ஓவர்லாக் ஓட்டியவரை, நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்களோடு உட்காரவைப்பது. லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் செய்வார்கள்.

நான் டீ குடிக்கப் போகவில்லை. செக்கிங் மேஜைக்குப் போனேன்.

பேச்சியம்மாள் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு உடுப்பாகக் கழுத்தைத் திருப்பிக் காந்தத்தால் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிசிறு வெட்டிய வடநாட்டுப் பெண் ஒருத்தி, கேட்காமலே பாதிக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தானும் தடவ ஆரம்பித்தாள்.

"நாற்பத்தொரு நாளா யாருக்கும் ஒரு கோளாறும் வரலையா?" என்று கேட்டேன்.

"வராம இருக்குமா சார்? மொத வாரம் எல்லாரும் அமுக்கினோம். புதுசுல்லா. சாயங்காலம் மீட்டிங் போட்டு பேர் வாசிச்சாவ. அமுக்குனவ பேரு எல்லாம். ரெண்டாவது வாரம் பாதிப் பேர் அமுக்கல. மூணாவது வாரம் பலகை வந்திட்டு."

"நீங்க மட்டும் ஏன் அமுக்கினீங்க?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். இதுகூடத் தெரியாமல் இந்த ஆள் என்னத்தைப் பேப்பரில் எழுதுகிறான் என்ற பார்வை.

"பச்சப் புள்ள கழுத்துல்லா சார்."

பதினேழாவது உடுப்பில் முனை இருந்தது. கழுத்துப் பட்டியின் மடிப்புக்குள். குருணை அளவு. உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் பார்க்க முடிந்தது. நோட்டை வாங்கி, மூன்று துண்டையும் சேர்த்துவைத்து டேப் ஒட்டி, ஊசி ஒடிந்த நேரத்தை எழுதினார். 11.20. அப்போது என் கடிகாரம் காட்டியதும் அதே நேரம்தான்.

எனக்குக் கோபம் அப்போதுதான் வந்தது. நோட்டில் ஊசி இருக்கிறது. சுவரில் அதே நாற்பத்தொன்று.

"பலகையில பூஜ்யம் போடணுமே?" என்று குமரேசனைக் கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். "டெமோவெல்லாம் கணக்குல வராதுங்க சார்..." என்றார்.

நான் வேலை பார்த்த பத்திரிகையின் அச்சுக்கூடத்தில் ஒரு ஃபோர்மேன் இருந்தார். ஒருமுறை இரங்கல் விளம்பரத்தில் படம் மாறிவிட்டது. இறந்தவர் படத்துக்குப் பதில் விளம்பரம் கொடுத்த மைத்துனரின் படம். ஃபோர்மேன் கண்ணில் பட்டது. ஆசிரியரைக் கேட்கவில்லை, மேனேஜரைக் கேட்கவில்லை. மெஷினை நிறுத்தினார். பேப்பர் தாமதமாகப் போனது. அன்று எங்கள் எல்லாருக்கும் திட்டு. ஆனால் அந்த மைத்துனர் தன் மரணச் செய்தியைக் காலைக் காப்பியோடு படிக்காமல் தப்பித்தார். அந்த ஃபோர்மேன் எந்தத் தொழிற்சாலைக்கும் டூர் போனவர் இல்லை. அவர் பக்கத்தில் கலர் விளக்கும் இல்லை. நிறுத்தலாம் என்ற அதிகாரம் இருந்தது. நிறுத்தினால் நாற்காலி போகாது என்ற தைரியம் இருந்தது.

அந்த அதிகாரத்தை செல்போனில் படம் எடுக்க முடியாது. அதனால்தானோ என்னவோ, எந்த டூரிலும் அது பஸ் ஏறி ஊருக்கு வருவதில்லை. மஞ்சள் கோடு வருகிறது. ஸ்பேனர் உருவம் வருகிறது. விளக்கு வருகிறது. வந்த விளக்கை எரியவிடாமல் காவல் காப்பதற்கு ஒரு பலகையும் வருகிறது!

போன வருட பஸ்ஸில் நாற்பது சீட். அத்தனையிலும் முதலாளிகள், அவர்களுடைய மாப்பிள்ளைகள், ஒரு ஆடிட்டர், நான். ஊசி ஒடிந்தால் என்ன செய்வது என்று தெரிந்தவர் ஒருவர்கூட அந்த பஸ்ஸில் இல்லை. எனக்கும் அன்று அது உறைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஜன்னல் சீட் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை சென்னியப்பன் போன் செய்தார். வருத்தமாகத்தான் பேசினார்.

"அன்னைக்கு அப்படி ஆயிப்போச்சுங்க. மனசுல வெச்சுக்காதீங்க. அந்தம்மாவ மறுக்காவும் மெஷின்லயே போட்டுட்டனுங்க. கழுத்துப் பட்டி அவங்க அளவுக்கு வேற யாருக்கும் வரலீங்க. ரெண்டு நாள்ல பீஸெல்லாம் தேங்கிப்போச்சு."

நல்லது என்றேன். உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.

"பட்டன்?"

"அதத்தானுங்க சொல்ல வந்தேன். இனி அந்த மாதிரி குழப்பமே வராதுங்க. எல்லா பட்டனையும் கழட்டி, ஒரே பட்டனா சூப்பர்வைசர் டேபிளுக்கு மாத்திட்டோம். அவரு பாத்து அமுக்கிக்குவாரு."

"பலகையில இப்ப எவ்வளவு?"

"இன்னைக்கு நாப்பத்திநாலுங்க."

அவரே தொடர்ந்தார். அடுத்த மாதம் பெங்களூரில் ஒரு தொழிற்சாலைக்கு டூர் ஏற்பாடு ஆகியிருக்கிறது. முழுக்க ஆட்டோமேட்டிக். எனக்கு ஒரு சீட் போட்டிருக்கிறாராம், ஜன்னல் ஓரமாகவே.

"என் சீட்டைப் பேச்சியம்மாளுக்குக் கொடுத்துடுங்க," என்றேன்.

கேலி செய்கிறேனா என்று யோசித்திருப்பார். பிறகு, ரொம்பவும் பணிவாக, உண்மையான கவலையோடு சொன்னார்:

"அதெப்படீங்க... அந்தம்மா வந்துட்டா இங்க லைன் நின்னுபோயிருமுங்களே?"

நிற்கட்டுமே. நிறுத்தத் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே!