சாந்தோமில் பார்த்த என் பெயர்

காலை 9.10, வேளச்சேரி ரயில் நிலையம். திருமயிலைக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். ஆதம்பாக்கத்திலிருந்து கிளம்பி இந்தப் பயணத்தைத் தொடங்க எனக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது. சட்டைப் பையில் மூன்று வரி மன்னிப்பு.

அடையாறில் சனிக்கிழமைதோறும் ஜப்பானியக் காதல் கவிதை வகுப்பு. தன்கா என்பது ஐந்து வரி. மேல் மூன்றை ஒருவர் எழுதுவார். கீழ் இரண்டை இன்னொருவர் பதிலாக எழுதுவார். எனக்கு இணை, ஓய்வுபெற்ற பிலோமினா டீச்சர். நான் எழுதியது:

மழை நின்ற பிறகும்
உன் வீட்டு வாசலில்
என் குடை

அவர் எழுதியது:

மடித்து வைக்க மனமில்லை
இன்னும் ஈரம் இருக்கிறது

ஐந்தையும் என் பெயரில் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். எட்டு மாதத்துக்கு முன் வெளியானது. பாராட்டியவர்கள் எல்லோரும் கடைசி இரண்டு வரியைத்தான் சொன்னார்கள். அவை டீச்சருடையவை என்று நான் சொல்லவில்லை. டீச்சர் அதற்கு முன்பே வகுப்பை விட்டிருந்தார். ஏன் என்றுகூட விசாரிக்கவில்லை.

9.40, திருமயிலை. சாந்தோமுக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

"ரோட்ட தோண்டி வெச்சுக்கீறாங்கோ, சுத்திக்கினுதான் போவணும். இன்னா பெரியவரே, சர்ச்சுக்கா?"

"ஒருத்தர்கிட்ட மன்னிப்பு கேக்கணும்."

"அதுக்கு சர்ச்சுதான் ஈசி. வீட்டாண்ட போய்க் கேட்டா உதைதான் நைனா."

10.05. டீச்சர் வீட்டுக் கூடத்தில் அவர் கணவரின் படம், மாலையோடு. அவர் இறந்ததே எனக்குத் தெரியாது. அன்று மாலை ஆறு மணிக்கு சர்ச்சில் முதலாண்டு நினைவுப் பூசை. டீச்சர் ஒரு நினைவு அட்டையை நீட்டினார். படத்துக்குக் கீழே அந்த இரண்டு வரி. அதற்கும் கீழே, பொடி எழுத்தில், என் பெயர்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். என் பெயர்தான்.

"அவர் படுக்கையில கிடந்தப்போ, அவரு துண்ட கொடியில போட்டுட்டு வந்து எழுதினது சார். இதையே போடுன்னு பையன்கிட்ட கேட்டேன். அவன் உங்க பேர்ல இது வந்த பத்திரிகையப் பார்த்திருக்கான். அடுத்தவங்க எழுதினத பேர் இல்லாம போடக்கூடாதும்மான்னு போட்டுட்டான்."

"நீங்க எழுதினதுன்னு சொல்லலியா?"

"சொன்னேன். அம்மாவுக்கு ஞாபகம் தப்புதுன்னு மருமககிட்ட சொல்றான்."

உட்கார்ந்துவிட்டேன். பையிலிருந்த மூன்று வரியைக் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இதுக்குக் கீழ நான் எழுத மாட்டேன் சார். சாயங்காலம் வந்து பையன்கிட்ட நீங்களே சொல்லுங்க."

மாலை 5.30, கோயில் வாசல். சொன்னேன். அந்தப் பையனுக்கு நாற்பது வயதிருக்கும். திரும்பி அம்மாவைப் பார்த்தார். பிறகு பேனா எடுத்து, அட்டை அட்டையாக என் பெயரை அடிக்கத் தொடங்கினார். பாதி அட்டைகளை வாங்கி நானும் அடித்தேன்.

பூசை முடிந்ததும் எனக்கும் ஓர் அட்டை கேட்டேன். டீச்சர் கைப்பையைத் திறந்து, என் பெயர் அடிக்கப்படாத ஒன்றைக் கொடுத்தார். வேளச்சேரி வரை அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.