பாவு குடித்த கொள்ளுக் கஞ்சி

உடம்பு இளைக்க வேண்டும் என்ற யோசனை எனக்கு ஷேர் ஆட்டோவில்தான் வந்தது. அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளி விட்டு ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் அண்ணன் திரும்பிப் பார்த்து, "பாப்பா, நீ நடுவுல உக்காரும்மா. வண்டி ஒரு பக்கமா சாயுது" என்றார். கேலிக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே சாய்ந்தது. அதுதான் அவமானம். கூட வந்த பிள்ளைகள் சிரித்த சிரிப்பில், வீடு வரும்வரை புத்தகப் பையை வயிற்றோடு அணைத்தபடியே வந்தேன்.

அன்று மாலையே அம்மாவின் போனில் தேடினேன். பட்டினி கிடந்தால் மறுநாள் சேர்த்துத் தின்போம், வயிறு நிறைய வேண்டும், கலோரி மட்டும் குறைய வேண்டும் என்று வீடியோவில் ஓர் அக்கா கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். கொய்யா, வெள்ளரி, அவித்த பயறு. மென்று முடிப்பதற்குள் வயிறே போதும் என்று சொல்லிவிடுமாம். எனக்கு ஒரே உற்சாகம். பஜ்ஜிக் கடைப் பக்கம் பார்க்காமல் கொய்யாவைக் கடித்துக்கொண்டு நடந்தேன். சித்தப்பா கோயில் இட்லி வாங்கி வந்தபோது, "அதுல நெய் இருக்குது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "இன்னாடி, ஜுரமா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

எல்லாவற்றிலும் எனக்குத் தோதாக அமைந்தது கொள்ளுக் கஞ்சி. காலையில் ஒரு டம்ளர் குடித்தால் மதியம்வரை பசி தெரியாது. ஆனால் "கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழி தெரியாதவர் எங்கள் தெருவில் கிடையாது. அதனால் அம்மா தறியில் இருக்கும் நேரம் பார்த்துக் காய்ச்சி, மோரும் சீரகமும் கலந்து, பாவுக் கஞ்சிச் சட்டிக்குப் பக்கத்தில் ஒளித்து வைப்பேன். சேலையின் நீளவாட்டில் ஓடும் பட்டு இழைகள்தான் பாவு. அவை தறியில் அறுந்துவிடாமலிருக்க, தெருவில் இழுத்துக் கட்டி அரிசிக் கஞ்சி தெளிப்பார்கள். அந்தச் சட்டிப் பக்கம் யாரும் சாப்பாடு தேட மாட்டார்கள் என்று நினைத்தேன். விடிந்து பார்த்தால் என் கஞ்சி எப்போதும் குறைந்திருக்கும். ஆறியதில் கெட்டியாகிவிட்டது போல என்று விட்டுவிடுவேன்.

ஒருநாள் விடியற்காலை அப்பா தெருவிலிருந்து, "கஞ்சிய எடுத்துக்கினு வாடா" என்றார். சித்தப்பா கைக்குக் கிடைத்த சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பாதிப் பாவுக்குத் தெளித்த பிறகுதான் வெளிச்சம் வந்தது.

"அண்ணே, பாவு மேல சீரகம் ஒட்டிக்கினு இருக்குது!"

கோலம் போட வந்த எதிர்வீட்டு அத்தை குனிந்து மோந்து பார்த்தாள். "இன்னாபா, கொள்ளு வாசனை வருது? உங்க பாவு குண்டாயிடுச்சா, இளைக்க வெக்கிறீங்க?"

தெருவே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. கத்திரிப்பூ நிறப் பட்டு மோரில் நனைந்து தொங்கியது. "யாரு வெச்சது இத?" அவர் பார்வை ஒவ்வொருவராகக் கடந்து என்மேல் வந்து நின்றது.

"நான்தான் வெச்சேன்" என்றாள் அம்மா. "எனக்குத்தான். ஒடம்பு கொஞ்சம் எறங்கட்டும்னு."

சிரிப்பு அப்படியே அம்மா பக்கம் திரும்பியது. "இந்த வயசுல யாருக்குக் காட்டப் போற?" என்றாள் அத்தை. என்னைவிட இரண்டு மடங்கு இருக்கும் அம்மா, முந்தானையை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டாள். ஆட்டோவில் நான் பையை அணைத்துக்கொண்ட மாதிரியே. எனக்காகப் பொய் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அம்மாவும் நானும் ஈரத் துணியால் இழை இழையாகத் துடைத்தோம். பாவு தப்பித்தது. நான் தலை நிமிரவே இல்லை. கொள்ளுப் பக்கமும் அதற்குப் பிறகு போகவில்லை.

இப்போது ஏனாத்தூரில் கல்லூரிக்குப் போய்வருகிறேன். போன வாரம் மறுபடியும் கொள்ளை ஊறப்போட்டேன். அம்மா எட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு கை போடுடி. அப்பவே ரெண்டு பேருக்குப் பத்தல" என்றாள்.

புரியாமல் பார்த்தேன்.

"ஏழாவது படிக்கும்போது டெய்லி பாதிய யாரு குடிச்சாங்கன்னு நெனச்ச? பூனையா?"

கஞ்சி கெட்டியாகவில்லை. அன்று தெருவில் அவள் சொன்னதும் பொய்யில்லை.

நாளைக் காலை எதிர்வீட்டு அத்தை கோலம் போடும் நேரத்தில், ஆளுக்கொரு டம்ளரோடு வாசற்படியில் உட்காரலாம் என்று சொல்லியிருக்கிறேன். அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். ஆனால், ஊறப்போட்ட கொள்ளில் ஒரு கை கூடியிருக்கிறது.