எஸ்தர் அக்காவின் சுருதி

காரைக்காலுக்குப் போகிறேன் என்றால் எங்கள் கும்பகோணத்தில் ஒரு மாதிரி சிரிப்பார்கள். அங்கே மது பாட்டில் விலை குறைவு. 1983 பிப்ரவரியில் நான் பை தூக்கியபோது, சபைப் பாடகர் குழுவின் தலைவரே கிளம்பிவிட்டாரா என்று தெருவே கேலி செய்தது. நான் போனது மன்னிப்புக் கேட்க.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் பேராயர் வருவதாக இருந்தது. எங்கள் குழுவில் எஸ்தர் அக்கா என்று ஒரு நர்ஸ். பெரிய குரல், சுருதி மட்டும் சேராது. ஒத்திகையில் எல்லார் முன்னாலும் அவரிடம், "அக்கா, நீங்க வாய மட்டும் அசைங்க போதும்" என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அடுத்த மாதமே காரைக்காலில் வேலை கிடைத்துப் போய்விட்டார். நான் அதை அப்படியே மறந்தும் போனேன்.

1982 டிசம்பரில் என் தொண்டையில் ஒரு கட்டியை எடுத்தார்கள். இரண்டு மாதம் பாடக் கூடாது என்றார் டாக்டர். ஞாயிறுதோறும் எல்லாரும் துதித்துப் பாட, நான் மட்டும் வாயை மூடி நின்றேன். பசியோடு பந்தியில் உட்கார்ந்து இலை இல்லாமல் இருந்த மாதிரி இருந்தது. அப்போதுதான் அக்கா ஞாபகத்துக்கு வந்தார். வெட்கமாக இருந்தது.

கும்பகோணத்திலிருந்து காரைக்கால் சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். காலை ஏழேகாலுக்குப் பேருந்து, டிக்கெட் ஐந்து ரூபாய் இருபது பைசா. சனிக்கிழமை ஏறியது என் முட்டாள்தனம். பாதி வண்டி திருநள்ளாறு சனீஸ்வரனுக்குப் போகிற கூட்டம். பக்கத்தில் நல்லெண்ணெய்ப் பாட்டிலோடு நின்றவர், "உங்களுக்கும் ஏழரையாங்க?" என்று கேட்டார். "அஞ்சு வருஷந்தாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. திருநள்ளாறில் வண்டி காலியானது. வந்த வழியில் சுரக்குடிப் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து பச்சையாக நின்றது. ஒன்பதரைக்குக் காரைக்கால் வந்து, பேருந்து நிலையத்துக்கு எதிரே நாள் வாடகை பன்னிரண்டு ரூபாய்க்கு அறை எடுத்தேன். அன்று அக்காவைத் தேடிப் போகத் தைரியம் வரவில்லை. கடற்கரையில் உலாத்திவிட்டுத் தூங்கினேன்.

ஞாயிறு காலை, அந்த ஊரிலிருந்த எங்கள் சபைக் கோயிலின் எட்டரை ஆராதனையில் அவரைப் பார்த்தேன். ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கோயில், நாற்பது பேர் இருப்பார்கள். தாமதமாகப் போன எனக்கு அவருக்கு நேர் பின்னால் இடம் கிடைத்தது. முதல் பாட்டு தொடங்கியது. அக்காவின் கழுத்து நரம்பு அசைந்தது, தாடையும் அசைந்தது. நான் குனிந்து காதைக் கொடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை.

ஆராதனை முடிந்து என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி" என்று தலத்தெருவில் இருந்த தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனார். சைக்கிள் ரிக்ஷாவுக்கு ஒன்றரை ரூபாயையும் அவரே கொடுத்தார். மண்டபத்தூர்க் கொடுவா மீன் குழம்பு. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"அக்கா, ஏன் பாடல?"

"நீங்கதான தம்பி அசைச்சா போதும்னீங்க." கோபமே இல்லாமல் சொன்னார். "சரியாத்தான் சொன்னீங்க. என் குரலு எனக்கே சகிக்காது. மனசுக்குள்ள பாடுறது ஆண்டவருக்குக் கேக்காமயா போவுது?"

"நான் சொன்னது தப்புக்கா. மன்னிச்சிருங்க."

"அத எப்பவோ மன்னிச்சாச்சு. சாப்புடுங்க, ஆறிடப் போவுது."

மன்னிப்பு கிடைத்துவிட்டது, ஆனால் அக்கா இன்னும் பாடவில்லை. அதுதான் என்னை அறுத்தது.

அன்று மாலை ஐந்து மணிக்கு அவர் வீட்டில் ஜெபக்கூட்டம். அக்கம்பக்கத்துச் சபையார் ஏழு பேர். பக்கத்து வீட்டு ரோசி, "விருந்தாளியே பாட்டத் தொடங்கட்டும்" என்றாள்.

"பாட இன்னும் ஒரு வாரம் பொறுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க. வீட்டுக்காரங்க தொடங்கட்டும்" என்றேன்.

அக்கா என்னை முறைத்தார். மற்றவர்கள் அவரையே பார்த்தார்கள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு துதிப் பாட்டை எடுத்தார். ஐயோ, எட்டாத உயரம். மற்றவர்களால் சேர முடியவில்லை. இரண்டாவது வரியில் குரல் பிசிறி, நின்றுவிடப் பார்த்தார். நான் டாக்டரை மறந்து சேர்ந்துகொண்டேன். சரியான சுருதிக்கு இழுக்கவில்லை. அவர் எங்கே இருந்தாரோ அங்கேயே போனேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு நான் பாடிய முதல் பாட்டு, சுத்தமாகத் தப்பு. ரோசி சிரித்துக்கொண்டே சேர்ந்தாள், பிறகு எல்லாரும். ஐந்து சரணத்தையும் அக்கா விடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

முடிந்ததும், "தம்பி, நீங்களுமா தப்பாப் பாடுறீங்க?" என்றார்.

"நல்லா இருந்துச்சுக்கா."

மறுநாள் தொண்டை வீங்கிவிட்டது. டாக்டர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

போகிறவர்களுக்கு: நான் சொன்ன கட்டணமெல்லாம் அந்தக் காலத்தது, நம்பிக் கிளம்பாதீர்கள். திருநள்ளாறு வழியாகச் சனிக்கிழமை போகாதீர்கள். மீன் சாப்பாட்டை மதியம் ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஞாயிறு ஆராதனைக்குப் போனால் முன் வரிசைக்கு முண்டாமல் நடுவில் நில்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் பாடுகிறாரா என்பது கேட்கும். உங்களால் வாய் மூடிப்போனவர் யாராவது இருந்தால் இந்த வாரமே வண்டி ஏறுங்கள். எஸ்தர் அக்கா அதற்கப்புறம் ஒரு ஞாயிறுகூடப் பாடாமல் இருந்ததில்லை என்று ரோசி எழுதினாள். ஆனாலும் அவர் பாடாமல் போன அந்த ஐந்து வருடத்தை என்னால் திருப்பித் தர முடியவில்லை.