மகளின் ஓவசியர்

சனிக்கிழமை பின்னேரம் நாலு இருபதுக்கு மகளின் தொலைபேசி எடுபடாமல் போனது. மணி அடிக்கவேயில்லை, நேராகக் குரல்பதிவுக்குப் போனது. எல்லையைக் கடந்ததும், நாலு மணிபோல அழைப்பதாகச் சொல்லியிருந்தாள்.

அவள் கட்டடக்கலை படிக்கிறாள். அன்று காலை பஸ்ஸில் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அமெரிக்க நகரம் ஒன்றுக்குப் போயிருந்தாள், செத்துப்போன ஒரு மனிதரின் வேலைகளைப் பார்க்க. நூறு வருடத்துக்கு முன் அந்த நகரசபையிடம் சம்பளம் வாங்கிய கட்டடக் கலைஞர் அவர். மாளிகை ஒன்றும் கட்டவில்லை. தீயணைப்பு நிலையங்கள், பள்ளிக்கூடங்கள், வீட்டில் குழாய் இல்லாதவர்களுக்குப் பொதுக் குளியலறைகள். மகளின் கட்டிலுக்கு மேலே அவருடைய மீசை வைத்த படம் ஒட்டியிருந்தது. அந்த இடத்தில் முன்பு நானும் அவளும் நின்ற படம் இருந்தது.

சாப்பாட்டு மேசையிலும் அவர் கதைதான். "ஃபயர் ஸ்டேஷனில ஹோஸ் காயப்போட ஒரு டவர் வேணும் அம்மா. மனுசன் அதைச் சேர்ச் மணிக்கூண்டு மாதிரிக் கட்டியிருக்கு. லைக், ஆர் அப்பிடி யோசிப்பினம்?"

நானும் கட்டடங்களுக்குப் படம் கீறுகிறவள், வரைகிறவள்தான். யாழ்ப்பாணத்தில் கீறினேன். இங்கே, எல்லைக்கு இந்தப் பக்கம், வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு சின்ன அலுவலகத்தில், பேஸ்மென்டை வாடகைக்கு விடுகிறவர்கள் அனுமதி எடுக்க வரைபடம் கீறுகிறேன். உரிமம் வைத்திருந்து முத்திரை குத்துகிறவர் வேறு ஆள். படத்தில் அவர் பெயர்தான் இருக்கும். என் படம் ஒன்றையாவது மகள் ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை.

அதனால்தான் காலையில் வாசலில் வைத்துச் சொன்னேன்: "போ, போய் உன்ர ஓவசியரைப் பாத்திட்டு வா."

ஊரில் மதகும் சந்தைக் கொட்டிலும் கட்டும்போது சபைக்காக மேற்பார்வை பார்க்கிற சின்ன உத்தியோகத்தர்தான் ஓவசியர். அவளுக்கு அந்தச் சொல் தெரியாது என்று நினைத்தேன். தெரிந்திருந்தது.

"அவர் ஓவசியர் இல்லை," என்றாள். நான் வழிச்சாப்பாடாகச் சீனிச்சம்பல் வைத்துக் கட்டிய பாண் பார்சலை வாசல் சப்பாத்துத் தட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

ஐந்தரைக்குப் பஸ் கம்பனிக்கு அழைத்தேன். பஸ் வந்துவிட்டதாம். யார் யார் வந்தார்கள் என்று சொல்லமாட்டார்களாம்.

"ஃபோனில சார்ஜ் முடிஞ்சிருக்கும்," என்றார் கணவர்.

"எல்லாம் அந்த மீசைக்காரனால."

"செத்த மனிசனோட உனக்கு என்னடியப்பா போட்டி?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு ஜாக்கெட்டைப் போட்டுக் கார்ச் சாவியைத் தேடினார். அதைக் கண்டதும்தான் பயந்துபோய் மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

அன்று நினைத்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. மாதாவே, அவளைக் கொண்டுவந்து விடு, அந்த மனிதரை இனி ஒன்றும் சொல்லமாட்டேன் என்று மன்றாடினேன். அந்தப் பயத்துக்கு நடுவிலும் ஓர் எரிச்சல்: அவள் கடைசியாகச் சந்தோசமாக நின்ற இடம் அவர் கட்டியதாக இருக்கப்போகிறதே.

ஏழேகாலுக்குக் கதவு திறந்தது. மகள். தீயணைப்பு வீரர் ஒருவர் அவளை உள்ளே விட்டு, டவர் உச்சிவரை ஏற்றிக் காட்டினாராம். படமெடுத்தே ஃபோன் செத்துவிட்டதாம். பஸ்ஸைத் தவறவிட்டு அடுத்ததில் வந்திருக்கிறாள்.

நான் ஏச வாயெடுக்க முன்னமே தொடங்கிவிட்டாள்.

"அந்த ஃபயர் ஸ்டேஷன் வாசல் கல்லில மேயரின்ர பேர் இருக்கு. கவுன்சில்காரர் எல்லாற்றை பேரும் இருக்கு. வேலையைப் பாத்த ஓவசியற்றை பேர்கூட இருக்கு, அம்மா. படம் கீறின அவற்றை பேர் மட்டும் இல்லை."

சப்பாத்துத் தட்டில் கிடந்த பார்சலைப் பிரித்து, நின்றபடியே பாணைக் கடித்தாள். பிறகு வாய் நிறைய வைத்துக்கொண்டு கேட்டாள்:

"நீங்கள் கீறுற படத்தில, உங்கட பேரை எந்த மூலையில போடுவினம்?"